டவரா கொடுக்காத ஆராய்ச்சி

குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலை. சீசனுக்கு வாடகைக்கு விடும் பழைய பங்களா ஒன்றின் முன்கூடம். பத்துப் பன்னிரண்டு ஆண்கள் நாற்காலியிலும் பெஞ்சியிலும் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் ஒரு ஸ்பூனில் காப்பியை எடுத்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி ‘சுர்ர்ர்’ என்று உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, பக்கத்தில் இருந்த பித்தளைப் படிக்கத்தில் துப்புகிறேன்.

துப்பிவிட்டு நிமிர்ந்தால் எதிரே இலஞ்சி குற்றாலிங்கம் மாமா. தன் மகனுக்கு என்னைக் கேட்டிருந்தவர், முடிவாகப் பேசிவிடலாமா என்று அப்போதுதான் யோசித்துக்கொண்டிருந்தவர். அவர் முகத்தைப் பார்த்தேன். யோசனையைப் பாதியில் நிறுத்திவிட்டார் என்று தெரிந்தது.

பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் காப்பித் தட்டோடு வந்து நின்ற பெண்கள் ஊருக்கு ஊர் உண்டு. காப்பியைத் துப்பிக் காட்டிய பெண் எங்கள் தாலுகாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

துப்பும் உத்தியோகம்

அறுபதுகளின் தொடக்கம் அது. பாளையங்கோட்டையில் ரசாயனம் படித்துவிட்டு, மலைநாட்டில் இருந்த ஒரு காப்பி ஆராய்ச்சி நிலையத்தில் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். குடுவை கழுவுவது, கொட்டையில் ஈரம் எவ்வளவு என்று பார்ப்பது, வறுத்த தூளைச் சலிப்பது, இவைதான் என் வேலை. பக்கத்து அறை சுவைப் பிரிவு. அங்கே வரிசையாகக் கோப்பைகளை வைத்து, உறிஞ்சித் துப்பி, இந்தக் காப்பி புளிக்கிறது, இது மண் வாடை அடிக்கிறது, இது பழவாசனை என்று தீர்ப்புச் சொல்வார்கள். எல்லாரும் ஆண்கள்.

ஏன் துப்ப வேண்டும் என்று கேட்பீர்கள். காலையிலிருந்து கோப்பை கோப்பையாக ருசி பார்க்கிறவர் எல்லாவற்றையும் விழுங்கினால் மத்தியானத்துக்குள் கை வெடவெடக்க ஆரம்பித்துவிடும். ஏன் சத்தமாக உறிஞ்ச வேண்டும்? காற்றோடு சேர்த்து இழுத்தால்தான் காப்பி நாக்கு முழுக்கப் பரவும், மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பாதி மூக்கின் வேலை. நாக்குக்குக் கசப்பும் புளிப்பும்தான் தெரியும், கொட்டை அராபிகா ஜாதியா ரோபஸ்டா ஜாதியா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

ஒரு நாள் சுவைப் பிரிவில் ஒருவருக்கு ஜலதோஷம். ஆள் குறைகிறது என்று பிரிவின் தலைவர் ராவ் சார் என்னைக் கூப்பிட்டு ஒரு ஸ்பூனைக் கையில் கொடுத்தார். மைசூர்ப் பக்கத்துக்காரர், பெரிய மூக்கு, சின்னக் குரல். நான் ஒரு கோப்பையில் சாக்கு நாற்றம் இருக்கிறது என்றேன். மற்றவர்கள் இல்லை என்றார்கள். மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் அடியில் பூசணம். அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசைதான். அந்த அறையில் எனக்கென்று ஒரு ஸ்பூன் வேண்டும்.

நானே இழுத்துவிட்டது

அந்தச் சமயம் ராவ் சாருக்கு ஒரு கேள்வி. சுவைப் பிரிவில் பாலும் சீனியும் இல்லாத கறுப்புக் காப்பியைத்தான் பார்ப்போம். அதில் அராபிகாவோடு கொஞ்சம் மட்ட ரக ரோபஸ்டா கலந்தாலும் எங்களுக்குத் தெரிந்துவிடும். வீட்டில் பாலும் சீனியும் சேர்த்துக் குடிக்கிறவருக்குத் தெரியுமா? தெரியாது என்றால், நல்ல காப்பி, மட்டக் காப்பி என்று நாங்கள் அடித்துக்கொள்வதெல்லாம் யாருக்காக?

“எங்க ஊர்ல வந்து பாருங்க சார்” என்றேன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல். “தென்காசியிலயும் குத்தாலத்துலயும் ஆளுக்கு ஆள் காப்பி நிபுணர்தான். பொடியில ஒரு சிட்டிகை சிக்கரி கூடிட்டாலும் சண்டைக்கு வந்துருவாங்க.”

பொய் இல்லை. தென்காசியில் எங்கள் வீட்டில் கொட்டையை வறுக்கிற அன்று தெருவே மோப்பம் பிடித்துக்கொண்டு வந்து கருத்துச் சொல்லும். நிறம் போதாது என்பார் ஒருவர், தீய்ந்துவிட்டது என்பார் இன்னொருவர். குற்றாலிங்கம் மாமாவோ ஒரு கல்யாண வீட்டில் காப்பி சரியில்லை என்று பந்திக்கு உட்காராமலே வண்டியைப் பூட்டச் சொல்லிவிட்டுப் போனவர்.

ராவ் சார் மேலிடத்தில் பேசி அனுமதி வாங்கினார். கூடவே என்னிடம் ஒன்று சொன்னார். இந்தச் சோதனை பலித்தால், அதாவது ஊர்க்காரர்கள் வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிட்டால், சுவைப் பிரிவில் எனக்கு நிரந்தர இடம். பலிக்கவில்லை என்றால் அந்த இடமே கிடையாது, என் தற்காலிக வேலையும் அதோடு முடிகிறது.

வீட்டுக்கு எழுதினேன். அப்பா பதில் போட்டார். அவர் சப் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் இரண்டு வரியில் முடிப்பார். வேலை நிரந்தரமானால் பார்க்கலாம். இல்லையென்றால் ஊருக்கு வந்துவிட வேண்டியது, இலஞ்சியில் கேட்கிறார்கள். இலஞ்சிச் சம்பந்தம் என்றால் அப்பாவுக்கு உயிர். வயலும் தோப்புமாக அவ்வளவு பெரிய வீட்டில் மகளைக் கொடுப்போமென்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

ஆகவே நான் ராவ் சாரோடு குற்றாலத்துக்கு வந்து இறங்கியபோது என் பெட்டியில் இருந்தவை காப்பிக்கொட்டை, தராசு, வெப்பமானி. நெஞ்சில் இருந்தது பயம்.

குரங்கின் தீர்ப்பு

சீசன் சமயத்தில் குற்றாலத்தில் காப்பி ஆராய்ச்சி நடத்த நினைக்கிறவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்லிவைக்கிறேன். காற்றே ஈரமாக இருக்கும். வறுத்து அரைத்த தூள் கொஞ்ச நேரத்தில் கட்டி தட்டிவிடும், பில்டரில் தண்ணீர் இறங்காது. ராவ் சார் டப்பாவைச் சுற்றிக் கம்பளி போர்த்திவைத்தார். பங்களாவைத் தாண்டி அருவிக்குப் போகிற கூட்டம், உடம்பெல்லாம் எண்ணெயும் தோளில் துண்டுமாக, ஜன்னலில் எட்டிப் பார்த்து “காப்பி கிடைக்குமா?” என்று கேட்கும்.

குரங்கு வேறு. ஒரு தாட்டியான குரங்கு உள்ளே வந்து ரோபஸ்டா பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு கூரை மேல் ஏறிவிட்டது. நாங்கள் கீழே நின்று கெஞ்சிக்கொண்டிருந்தோம். அது பிரித்து ஒரு கொட்டையைக் கடித்தது, முகத்தைச் சுளித்தது, பொட்டலத்தை ராவ் சார் தலையைப் பார்த்து எறிந்துவிட்டுப் போய்விட்டது. “இவ்வளவு நேர்மையான சுவைஞரை நான் பார்த்ததில்லை” என்றார் அவர் தலையைத் தடவிக்கொண்டே.

துப்புவதற்குப் பாத்திரம் கொண்டுவர மறந்திருந்தோம். எங்கள் வீட்டுப் படிக்கத்தைக் கொண்டுவந்தேன். அப்பாவும் அவருடைய சிநேகிதர்களும் வருஷக்கணக்காக வெற்றிலை துப்பிய படிக்கம் அது. புளி போட்டு விளக்கிப் பளபளவென்று வைத்தேன். வெற்றிலையைத் துப்பினால் கௌரவம், காப்பியைத் துப்பினால் அசிங்கம். இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மூன்று டம்ளர்

ஆள் சேர்த்தது அப்பா. போலீஸ் உத்தியோகப் பழக்கத்தில் “நாளைக்குக் காலைல பங்களாவுக்கு வந்துருங்க” என்று சொல்லிவிட்டு வந்தார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. குற்றாலிங்கம் மாமாவும் வந்தார்.

முதலில் எப்படி ருசி பார்ப்பது என்று காட்டச் சொன்னார் ராவ் சார். அப்போதுதான் நான் உறிஞ்சித் துப்பியது.

குற்றாலிங்கம் மாமா தொண்டையைக் கனைத்தார். “நாங்களும் இப்படித்தான் செய்யணுமோ?”

“ஆமாம். ஸ்பூன் வேண்டாமென்றால் டம்ளரில் வாய் வைத்து உறிஞ்சலாம்” என்றார் ராவ் சார்.

“வாய் வச்சா? எச்சியில்லா?” என்றார் மாமா. “அது நமக்கு ஆகாது வே. நாங்க அண்ணாந்துதான் குடிப்போம்.”

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். டம்ளர் உதட்டில் படக் கூடாது. தலையை அண்ணாந்து, டம்ளரை உயரத் தூக்கி, நூல் பிடித்தாற்போல் வாய்க்குள் ஊற்ற வேண்டும். அப்பாவின் உதட்டில் டம்ளர் பட்டு நான் பார்த்ததே இல்லை. ராவ் சார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், ஒருவரும் அசையவில்லை. சரி, உங்கள் வழக்கப்படியே குடியுங்கள் என்று விட்டுவிட்டார்.

சோதனை சுலபமானது. பாலும் சீனியும் சேர்த்து ஆளுக்கு மூன்று டம்ளர். இரண்டில் ஒரே காப்பி, ஒன்றில் மட்டும் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். சூடு எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு டம்ளரையும் ஒரு தட்டால் மூடி, குடிக்கிற பதத்துக்கு ஆறிய பிறகு கொடுத்தோம். டவரா கிடையாது. டவரா கொடுத்தால் ஆளுக்கொரு விதமாக ஆற்றுவார்கள், ஆளுக்கொரு சூடு வரும், ஆராய்ச்சி கெட்டுவிடும் என்பது ராவ் சாரின் கட்டளை.

தட்டை எடுத்தார்கள், அண்ணாந்து ஊற்றினார்கள், தீர்ப்புச் சொன்னார்கள். என்ன உறுதி என்கிறீர்கள். “இதுதான், சந்தேகமே இல்லை” என்று மேஜையைத் தட்டிச் சொன்னார் குற்றாலிங்கம் மாமா. தப்பு. அப்பா ஒரு டம்ளரைக் காட்டினார். தப்பு. மறுபடியும் கொடுத்தோம், மறுபடியும் தப்பு. கண்ணை மூடிக்கொண்டு கை காட்டினாலே மூன்றில் ஒரு தடவை சரியாக அமையும். காப்பிக்குப் பேர்போன எங்கள் ஊர் அதைவிட ஒரு படி மேலே ஏறவில்லை.

ராவ் சார் ஒளிவுமறைவு தெரியாத மனிதர். என்ன முடிவு என்று அவர்கள் கேட்டதும் சொல்லிவிட்டார். கூடம் கொதித்தது. பால் தண்ணீர்ப் பால் என்றார் ஒருவர். சீனி சரியில்லை என்றார் இன்னொருவர். ராத்திரி சாப்பிட்ட கருவாடுதான் காரணம் என்று ஒருவர் தன் வீட்டம்மா மேல் பழியைப் போட்டார்.

“நம்மளைக் கூப்பிட்டு வச்சு நம்ம நாக்கைக் குறை சொல்லுதாரே” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார் குற்றாலிங்கம் மாமா. போகும்போது என் பக்கமே திரும்பவில்லை.

“வருத்தப்படாதே அம்மா” என்றார் ராவ் சார். “நாளை மறுநாள் நான் கிளம்புகிறேன். நீ மலைக்குத் திரும்பி வர வேண்டியதில்லை. உன் சாமான்களை அனுப்பிவைக்கச் சொல்கிறேன்.”

தென்காசிக்குப் போகிற பஸ்ஸில் அப்பா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். இறங்கும்போதுதான் சொன்னார். “ஏட்டி, போதும். ஊரு முன்னால துப்பினது போதும். இலஞ்சிக்காரங்க இன்னும் மனசு மாறாம இருந்தா நம்ம அதிர்ஷ்டம்.”

படுக்கையில் விழுந்து அழுதேன். கல்யாணத்தை நினைத்து இல்லை. இனி என் மூக்குக்கு ஊரில் வேலை அடுப்பில் பால் பொங்கினால் கண்டுபிடிப்பதுதானா என்று நினைத்து அழுதேன்.

அடுப்படியில்

மறுநாள் காலை அம்மா அப்பாவுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அப்பா உர்ரென்று இருந்தார். டம்ளரை உயரத் தூக்கி டவராவில் ஊற்றினார், டவராவிலிருந்து டம்ளருக்கு ஊற்றினார். நுரை எழும்பியது. இன்னும் ஒரு சொட்டு வாயில் படவில்லை.

“பொடியை மாத்திட்டியா?” என்றார் அம்மாவிடம்.

“பழசு பத்தல. அடுத்த வீட்டுல கொஞ்சம் வாங்கிக் கலந்தேன்” என்றாள் அம்மா.

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் எழுந்துவிட்டேன். அப்பா இன்னும் குடிக்கவே இல்லையே. எப்படித் தெரிந்தது?

அம்மாவைப் பிடித்து இழுக்காத குறையாக அடுப்படிக்குக் கூட்டிப்போனேன். கலந்த பொடியிலும் அடுத்த வீட்டுப் பொடியிலும் காப்பி போட்டு, தட்டால் மூடி, பங்களாவில் செய்ததுபோலவே மூன்று டம்ளரை அப்பா முன்னால் வைத்தேன். “என்னளா விளையாடுதியா?” என்று சீறிவிட்டு அண்ணாந்து குடித்தார். தப்பு. பிறகு நானே அண்ணாந்து குடித்துப் பார்த்தேன். சாக்கு நாற்றத்தைக் கண்டுபிடித்த மகாராணிக்கு ஒன்றும் தெரியவில்லை. டம்ளர் முகத்துக்கு மேலே எட்டத்தில் நிற்கிறது, ஆவி மேலே போய்விடுகிறது, காப்பி நாக்கைத் தாண்டி நேராகத் தொண்டைக்குள் விழுகிறது. மூக்குக்கு எந்தச் சேதியும் வரவில்லை.

அடுத்து டம்ளர்களை மறுபடி நிரப்பி, மூன்று டவராவையும் வைத்தேன். அப்பா ஆற்றினார். மூன்றாவதை ஆற்றும்போதே “இதுதான் வேற” என்றார். சரி.

எங்கள் ஊர்க்காரர்கள் காப்பியை வாயால் தீர்மானிப்பதில்லை. ஆற்றும்போதே மூக்கால் தீர்மானித்துவிடுகிறார்கள், குடிப்பது அதற்குப் பிறகு. ஆராய்ச்சி சுத்தமாக இருக்க வேண்டும் என்று டவராவை எடுத்தோம், அதோடு அவர்கள் மூக்கையும் எடுத்துவிட்டோம்.

தலையைக்கூட வாராமல் குற்றாலத்துக்குப் பஸ் ஏறினேன்.

ராவ் சாரின் கம்பளி

ராவ் சார் கம்பளியை மடித்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கச் சொல்லி முடித்ததும், “டவரா கொடுத்தால் சூடு மாறும். முடியாது” என்றார்.

“சார், மூக்கைப் பொத்தி வச்சுட்டு மல்லிப்பூவுக்கும் பிச்சிப்பூவுக்கும் வித்தியாசம் சொல்லுன்னா யாரு சொல்லுவா? அவங்க தோக்கல சார். நம்ம சோதனைதான் தோத்துருக்கு.”

அவர் தன் பெரிய மூக்கைத் தடவினார். நான் விடவில்லை. எல்லாரும் ஒரே அளவு உயரத்தில், ஒரே அளவு தடவை ஆற்றட்டும், சூடு அவ்வளவாக மாறாது என்றேன். இன்னும் ஒரே ஒரு காலை கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் மடித்த கம்பளியை மறுபடி பிரித்துக் காப்பி டப்பா மேல் போட்டார்.

ஆள் கூட்ட மறுபடியும் அப்பாவிடம்தான் போனேன். அடுப்படியில் தான் ஜெயித்தது அவருக்கு உள்ளூரக் குளிர்ந்திருந்தது, காட்டிக்கொள்ளவில்லை. “உங்க சார்கிட்ட வாறேன்னு சொல்லு” என்றார். இலஞ்சிக்கும் அவரே போய்வந்தார். அங்கே என்ன சொன்னாரோ, மறுநாள் குற்றாலிங்கம் மாமா முறைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

மூன்று டம்ளர், மூன்று டவரா. கூடம் முழுக்க ஆற்றுகிற சத்தம். சாரல் காற்றில் காப்பி மணம் கலையாமல் நின்றது. குற்றாலிங்கம் மாமா மூன்றாவது டம்ளரை ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். “இதுல என்னமோ கருகல் வாடை இருக்கு. இது வேற” என்றார். சரி. அப்பா சொன்னதும் சரி. இடத்தை மாற்றி மாற்றி வைத்தோம். ஒருவர் இருவர் தவிர எல்லாரும் திரும்பத் திரும்பச் சரியாகச் சொன்னார்கள். கருவாட்டுக்காரர்கூட.

ராவ் சார் எழுந்து நின்று எல்லாருக்கும் கும்பிடு போட்டார். “உங்கள் நாக்கைப் பற்றி நான் சொன்னது தப்பு” என்றார். என் பக்கம் திரும்பினார். “நீ என்னோடு மலைக்கு வருகிறாய். சுவைப் பிரிவுக்கு.”

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அப்பாவைப் பார்த்தேன். அப்பா குற்றாலிங்கம் மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஏனென்றால் மாமா முகமெல்லாம் சிரிப்பாக நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டிருந்தார்.

“பிள்ளை கெட்டிக்காரிதான்” என்றார் மாமா. “நம்ம மானத்தைக் காப்பாத்திட்டா. நான் மனசுல ஒண்ணும் வச்சுக்கிடல. ஆவணியில முகூர்த்தத்தை வச்சிருவோம். இந்தத் துப்புத வேலையை இன்னையோட விட்டுரட்டும். நம்ம வீட்டுல வந்து காப்பி போடட்டும். இப்படி மூக்கு உள்ள மருமவ யாருக்குக் கிடைக்கும்?”

எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஜெயித்ததால் தோற்றுப்போனேன் என்று எனக்குத் தோன்றியது. தோற்றிருந்தால் மாமா என்னைத் திரும்பியே பார்த்திருக்க மாட்டார். அப்பா ஆசைப்பட்ட வார்த்தை அப்பா காதில் விழுந்துவிட்டது. இனி நான் சொல்ல என்ன இருக்கிறது?

அப்பா எழுந்தார். மாமாவிடம் போவார் என்று நினைத்தேன். மேஜைக்கு வந்தார். என் ஸ்பூனை எடுத்தார்.

“எப்படிளா உறிஞ்சணும்?”

“அப்பா, அது நான் வாய் வச்ச ஸ்பூன்” என்றேன்.

“தெரியும். சொல்லு.”

சொன்னேன். அவர் ஸ்பூனைக் காப்பியில் முக்கி, உதட்டில் வைத்து இழுத்தார். பாதி மூக்கில் ஏறிவிட்டது. இருமினார், கண்ணில் தண்ணீர் வந்தது, சட்டையெல்லாம் காப்பி. பெஞ்சியில் யாரோ சிரித்தார்கள். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு தடவை முக்கினார். ‘சுர்ர்’ என்று சத்தம் வந்தது. வாயில் உருட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குனிந்து படிக்கத்தில் துப்பினார்.

“அண்ணாச்சி” என்றார் நிமிர்ந்து. “ஆவணி தோதுப்படாது. மவளுக்கு வேலை இருக்கு.”

மாமாவுக்குப் புரியவில்லை. “என்ன வேலை? இந்தத் துப்புத வேலையா?”

“ஆமா, துப்புத வேலைதான்” என்றார் அப்பா, மூக்கைத் துடைத்துக்கொண்டே. “அது எல்லாருக்கும் வராது. எனக்கு வரல, பாத்திய இல்லா?”